ஒரு மடக்கு ஆறு லட்சம்! நாக்கு கண்டுபிடிக்காத மோசடி!

2017-ல் சுவிட்சர்லாந்தில், செயின்ட் மோரிட்ஸ் ஓட்டல் ஒன்றில் சீன எழுத்தாளர் ஒருவர் விஸ்கி ருசி பார்த்தார். அளவு 2 சென்டிலிட்டர். இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடிதான்! விலை 9,999 பிராங்க். நம்ம பணத்தில் ஆறு லட்சத்துக்கு மேல்! லேபிளில் 'மெக்காலன் 1878', ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட்.

நாக்கு ஏதாவது சொல்லிச்சா? மூச்! பத்திரிகையில் வந்த போட்டோவில் கார்க்கையும் லேபிளையும் பார்த்த நிபுணர்கள்தான் சந்தேகப்பட்டார்கள். சோதனையில் குட்டு அம்பலம்! 1970-72 சரக்கு. சிங்கிள் மால்ட்டே இல்லை, கலப்பு விஸ்கி!

விஸ்கிக்கு வயசு ஏறுவது ஓக் பீப்பாயில்தான். பாட்டிலில் அடைத்தால் அதோடு சரி. அப்படியிருக்க, பாட்டில் பழசு என்பதற்கா இவ்வளவு காசு?

ஏமாந்தது ஓட்டலும்தான். ஆனாலும் மேனேஜர் சீனாவுக்கே பறந்துபோய் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாரே, அந்த மனுஷனுக்கு ஒரு சபாஷ்!

மற்ற ஓட்டல்கள்? 2018-ல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று 55 பழைய பாட்டில்களைச் சோதித்தது. 21 பாட்டில் போலி, இல்லாவிட்டால் சொன்ன வருஷத்து சரக்கே அல்ல! சோதனைச் சீட்டு இல்லாத பழைய பாட்டிலை இனி எவனும் திறந்து விற்கக்கூடாது. அதைச் சட்டமாகவே போடணும்!