இலையும் ஊசியும் விசுவாசமும்



மறையூரிலிருந்தும் காந்தளூரிலிருந்தும் கோயம்புத்தூர், திருப்பூர், சென்னை ஆகிய நகரங்களுக்குப் பிழைப்புக்காக வந்து குடியேறிய குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவர்கள் பையில் மறையூர் வெல்லமும், காந்தளூர்ப் பூண்டும், ஒரு சிறு சீசாவில் புல்தைலமும் இருக்கும். சிலருடைய பையில் காகிதத்தில் பொதிந்த உலர்ந்த வேரும் பட்டையும் கூட இருக்கும். நகரத்திலோ, தெருவுக்குத் தெரு அக்குபங்சர் பலகைகள் தொங்குகின்றன. சீன மூலிகை என்ற பெயரில் மாத்திரைகளும் தேநீர்ப் பொட்டலங்களும் விற்கப்படுகின்றன.

இவற்றின் நடுவே பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். தேவபிள்ளை இவற்றை எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொண்டால் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிடலாமா? ஜெபித்த பின்பு இவற்றில் எதுவும் ஏன் வேண்டும்? இந்த மாதம் இதைக்குறித்துச் சிந்திப்போம்.

முதலாவது, பூமியின் பூண்டுகளைப் படைத்தவர் நம் தேவன் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தின் தரிசனத்தில் நதியோரத்து மரங்களின் இலைகள் மருந்தாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் அதே வேதாகமம் 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் வேறொரு சம்பவத்தையும் நமக்கு முன் வைக்கிறது. கில்காலில் பஞ்சம். தீர்க்கதரிசிகளின் புத்திரருக்குக் கூழ் காய்ச்ச வேண்டும். கீரை பறிக்கப் போன ஒருவன் காட்டுக்கொடி ஒன்றைக் கண்டு, அதன் காய்களை மடிநிறையப் பறித்துவந்து பானையில் அரிந்து போட்டான். அது பேய்க்கொம்மட்டி. பறித்தவனுக்கும் தெரியவில்லை, சமைத்தவனுக்கும் தெரியவில்லை. சாப்பிட்டவர்கள் அலறினார்கள்.

கவனியுங்கள். பறித்தவன் துரோகியல்ல, பசித்தவர்களுக்கு உதவ நினைத்தவன். காயும் இயற்கையானதுதான். நல்ல மனமும் இயற்கைப் பொருளும் சேர்ந்தும் பானையில் விஷம் சேர்ந்தது. குறைந்தது ஒன்றே: அறிவு. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆபத்து என்று கூப்பிட்டவர்களை எலிசா அவிசுவாசிகள் என்று கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டு, உடனே பரிகாரம் செய்தார்.

கில்காலின் பானை நம் காலத்திலும் கொதித்தது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரசெல்ஸ் நகரில், உடல் எடை குறைக்கும் சிகிச்சை நிலையம் ஒன்றில் பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அதில் சேர்க்க வேண்டிய வேரின் பெயர் ஃபாங் ஜி. அதற்குப் பதிலாகக் குவாங் ஃபாங் ஜி என்ற வேறொரு வேர் சேர்ந்துவிட்டது. பெயரில் ஒற்றுமை, குணத்திலோ பெரும் வேற்றுமை. அந்த வேரிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலத்தினால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. பலருக்கு இரத்தச் சுத்திகரிப்பும் மாற்றுச் சிறுநீரகமும் தேவைப்பட்டன. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

அது தூரதேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். அதே அமிலம் உள்ள செடிகள் நம் மண்ணிலும் வளர்கின்றன. ஈசுரமூலி என்றும் பெருமருந்து என்றும் கருடக்கொடி என்றும் நாம் அழைக்கும் கொடி அந்த இனத்தைச் சேர்ந்தது. ஆடுதின்னாப்பாளையும் அப்படியே. பாம்புக்கடிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் இவற்றை நம் முன்னோர் பயன்படுத்தியதுண்டு. ஆனால் இந்த அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது. மாதக்கணக்கில் கஷாயம் வைத்துக் குடிக்கும் ஒருவருக்கு முதலில் வலியோ காய்ச்சலோ தெரியாது. சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

மறையூரின் மலைக்குடிகளில் முதுவரும் மலைப்புலையரும் உண்டு. அவர்களில் செடியறிந்த மூத்தவர்கள் எந்தச் செடி, அதில் வேரா இலையா, எவ்வளவு என்பதைத் தலைமுறைதோறும் பார்த்துப் பழகியவர்கள். அந்த அறிவை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அந்தப் பொதி நகரத்து வாடகை வீட்டுக்கு வரும்போது வேர் மட்டும்தான் வருகிறது, அறிந்தவர் உடன் வருவதில்லை. புல்தைலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தைலப்புல்லை அண்டாவில் அடைத்து, அடியில் தீ மூட்டி, ஆவியைக் குளிரவைத்து எடுக்கிறார்கள். உடம்பு வலிக்கு எண்ணெயில் கலந்து மேலே தேய்க்கும் பொருள் அது. அதையே குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுத்தால் ஆபத்து. அதுபோல, மறையூர் வெல்லம் இயற்கையானது, ஆகவே சர்க்கரை நோயாளியை ஒன்றும் செய்யாது என்கிறவர்களும் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சிறந்த வெல்லம்தான் அது. ஆனாலும் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

அப்படியானால் மூலிகையே வேண்டாமா? அப்படியல்ல. மலேரியாவுக்கு உலகம் இன்று பயன்படுத்தும் ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து ஒரு சீன மூலிகையிலிருந்து வந்தது. அது நம் மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த செடி. அதைக் கண்டெடுத்த தூ யூயூ என்ற சீனப் பெண்மணி, கி.பி. நான்காம் நூற்றாண்டின் மருத்துவ ஏடு ஒன்றில், அச்செடியைக் கொதிக்கவைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியும்படி எழுதியிருந்ததைக் கவனித்தார். கொதிக்கும் சூட்டில் மருந்து கெட்டுப்போகலாம் என்று உணர்ந்து, குறைந்த சூட்டில் அதைப் பிரித்தெடுத்தார். பிறருக்குக் கொடுப்பதற்கு முன் தம் உடலிலேயே சோதித்தார். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலையில் தேவன் வைத்த குணத்தை உழைத்துத் தேடி, அளந்து, சோதித்து அறிந்தபோது அது கோடிக்கணக்கானோருக்கு உதவியது. இன்றும் அந்த இலையை வெறும் தேநீராகக் காய்ச்சிக் குடித்து மலேரியாவைக் குணமாக்க முயலக் கூடாது என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேநீரில் மருந்தின் அளவு நிலையாக இராது.

இனி ஊசிக்கு வருவோம். 1938-இல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் சென்றவர் டாக்டர் பி. கே. பாசு. பின்னாளில் மறுபடியும் சீனாவுக்குப் போய் இக்கலையைக் கற்று, கொல்கத்தாவில் இதைத் தொடங்கிவைத்தவர் அவரே. 2019-இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. உடலில் சீ என்னும் உயிராற்றல் வழித்தடங்களில் ஓடுகிறது, 361 புள்ளிகளில் ஊசியிட்டு அதைச் சீர்ப்படுத்தலாம் என்பது சீனரின் பழைய விளக்கம். அத்தகைய வழித்தடங்களை உடற்கூறு ஆய்வில் எவரும் கண்டதில்லை. ஆயினும் நீடித்த முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி, தலைவலி ஆகியவற்றில் ஓரளவு ஆறுதல் கிடைப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பொய்யாக ஊசியிட்டவர்களோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் சிறிதே. ஆனால் சர்க்கரை நோயையோ, காசநோயையோ, புற்றுநோயையோ ஊசி குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஊசி குத்துவது பாவமா என்று கேட்கிறவர்களுக்கு: ஊசி என்பது ஓர் உலோகம். அதைக்கொண்டு மந்திரம் ஓதச் சொன்னால், தாயத்துக் கட்டச் சொன்னால், வேறொரு ஆவியின் வல்லமையை நாடச் சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாமல், பயிற்சி பெற்ற மருத்துவர் புதிய ஊசியை உறை பிரித்து, வலிக்கென்று மட்டும் சிகிச்சை செய்தால், 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தின் ஆலோசனைப்படி உங்கள் மனச்சாட்சி தீர்மானிக்கட்டும்.

ஆனால் உயிர்போகும் விஷயத்தில் விளையாட வேண்டாம். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில், முந்தைய பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடந்த ஒரு தாய், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படாமல் அக்குபங்சரை நம்பி வீட்டிலேயே பிரசவத்திற்கு விடப்பட்டார். தாயும் சிசுவும் மரித்தார்கள். இதுகுறித்து வழக்குப் பதியப்பட்டுக் கைதுகளும் நடந்தன. அந்த வீட்டில் நம்பிக்கைக்குக் குறைவில்லை. அது வைக்கப்பட்ட இடம்தான் தவறு.

இப்போது நம் சபைகளைக்குறித்து ஒரு வார்த்தை. தெய்வீக சுகத்தை நாம் விசுவாசிக்கிறோம். யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தின்படி மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். கர்த்தர் சுகமாக்குகிறார். ஆனால் நம் நடுவே மாத்திரையை முந்தானையில் மறைத்து விழுங்கும் தாய்மார் உண்டு. தெரிந்தால் விசுவாசமில்லாதவள் என்பார்களே என்ற பயம். இன்சுலினை நிறுத்திவிட்டுச் சாட்சி சொல்லும்படி தூண்டப்படுகிற வாலிபரும் உண்டு. பிள்ளைப்பருவத்தில் வரும் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி, வீட்டிலுள்ள பிள்ளைகளையும் தொற்றும்.

எசேக்கியாவை நினையுங்கள். அவன் ஜெபித்தான், கண்ணீர் விட்டான். கர்த்தர் கேட்டு 15 வருஷங்களைக் கூட்டிக் கொடுத்தார். வாக்குத்தத்தம் வந்த பின்பும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். பதிலும் அத்திப்பழமும் ஒரே தேவனிடத்திலிருந்து வந்தன. ஆசா ராஜா குற்றப்பட்டது வைத்தியரிடம் போனதற்காக அல்ல, கர்த்தரைத் தேடாமல் வைத்தியரை மட்டும் தேடியதற்காக. மருந்து எழுதித் தருகிற லூக்கா நமக்குச் சுவிசேஷத்தையும் எழுதித் தந்தவர் என்பதை மறவாதிருப்போம்.

ஆகையால் பிரியமானவர்களே, இவற்றைக் கைக்கொள்ளுங்கள். பெயரும் அளவும் தெரியாத வேரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். எந்த மூலிகை எடுத்தாலும் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்றே நாளில் மூட்டுவலியும் ஆஸ்துமாவும் பறந்துபோகும் என்று விற்கும் பெயரில்லாப் பொடியை நம்பாதிருங்கள். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தை இரகசியமாகக் கலந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கைமருந்து வேண்டவே வேண்டாம். சுகம் கிடைத்ததாக விசுவாசித்தால், பரிசோதனை செய்து, டாக்டரே மாத்திரையைக் குறைக்கட்டும். கர்த்தர் செய்த சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது. சாட்சியும் அப்போது உறுதிப்படும்.

சபையில் ஒருவர் தன் வியாதியையும் மருந்தையும் வெட்கமின்றிச் சொல்லக்கூடிய சூழ்நிலையை உண்டாக்குவோம். கில்காலில் கூப்பிட்டவர்களின் சத்தத்தை எலிசா கேட்டதினால்தான் அன்று ஒருவரும் மரிக்கவில்லை.

பரம வைத்தியராகிய நம் கர்த்தர் உங்கள் குடும்பங்களைச் சுகத்தோடும் தெளிந்த புத்தியோடும் காத்துக்கொள்வாராக. ஆமென்.