தரச்சான்று மட்டும் போதுமா?

கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், தர மதிப்பீட்டுக் குழுவின் வருகையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எதிர்கொண்டிருக்கிறேன். குழு வருவதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் துறையில் பாடம் நடத்தியதைவிடக் கோப்புகள் தயாரித்ததே அதிகம். சுவர்களுக்கு வெள்ளையடித்தோம், என்றோ நடந்த கூட்டங்களுக்கு அப்போது உட்கார்ந்து குறிப்பேடு எழுதினோம். குழு சென்ற பிறகும், பாடம் புரியாத கடைசி வரிசை மாணவர் அதே இடத்தில்தான் இருந்தார். தொடக்கப் பள்ளிகளுக்கும் தரச்சான்று என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்களே நினைவுக்கு வருகின்றன.

பள்ளிகள் குறைந்தபட்சத் தரத்தைப் பின்பற்றுவதை உறுதிசெய்ய, மாநிலந்தோறும் தன்னாட்சி பெற்ற தர ஆணையம் அமைக்கப்பட வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. பள்ளிகள் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் 'சாலா சித்தி' திட்டம் 2015-லேயே தொடங்கிவிட்டது. மாவட்டங்களையும் மத்திய கல்வி அமைச்சகம் செயல்திறன் குறியீட்டின் வழியே தரம் பிரிக்கிறது. இவற்றின் நோக்கத்தில் குறைகாண இயலாது. குழந்தைகள் உண்மையில் என்ன கற்கிறார்கள் என்பதை அறிய அளவுகோல் தேவை. ஆனால், அளந்த பிறகு என்ன செய்யப் போகிறோம்?

64 குழந்தைகள் பயிலும் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியை எண்ணிப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். பள்ளிக்குத் தாழ்ந்த தரம் அறிவிக்கப்பட்டதும், சற்று வசதியுள்ள ஐந்து குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் எஞ்சுவோர் 59 பேர். மூன்றாவது ஆசிரியர் பணியிடம் 'உபரி' ஆகிவிடும். ஐந்து வகுப்புகளையும் இருவரே நடத்த வேண்டும். வெளியேற வழியற்ற ஏழைக் குழந்தைகளுக்கு முன்பு கிடைத்த கவனிப்பும் குறையும். அடுத்த மதிப்பீட்டில் தரம் மேலும் தாழும். வாடிக்கையாளர் விலகினால் விற்பவர் திருந்துவார் என்று நாங்கள் வகுப்பறையில் கற்பித்த சந்தைப் பாடம் இங்கே பொருந்துவதில்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பல பணிகளைச் செய்பவரை அளக்கக்கூடிய பணிக்காக மட்டும் ஊக்குவித்தால், அளக்கவியலாத பணிகள் கைவிடப்படும் என்பதைப் பொருளியல் அறிஞர்கள் ஹோம்ஸ்ட்ரோமும் மில்க்ரோமும் 1991-இல் விளக்கினர். அமெரிக்காவில் தேர்வு முடிவுகளோடு தண்டனையைப் பிணைத்ததன் விளைவு, அட்லாண்டா நகரில் வெளிப்பட்டது. 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் தேர்வு முறைகேட்டில் தொடர்புடையவர்கள் என 2011-இல் அரசு விசாரணை அறிக்கை கூறியது. இங்கிலாந்தோ, அரசுப் பள்ளிகளை ஒற்றைச் சொல்லில் தரம் பிரித்துவந்த வழக்கத்தை 2024 செப்டம்பரில் கைவிட்டது.

அப்படியானால் மதிப்பீடே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது உதவியின் தொடக்கமாக இருக்க வேண்டும். முதலாவதாக, குழந்தை எங்கிருந்து தொடங்கி எவ்வளவு முன்னேறியது என்பதை அளக்க வேண்டும். முதல் தலைமுறையாகக் கற்கும் குழந்தையையும் பட்டதாரிப் பெற்றோரின் குழந்தையையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நியாயமன்று. இரண்டாவதாக, தாழ்ந்த தரம் பெற்ற பள்ளியில் மூன்றாண்டுகளுக்கு ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்கக் கூடாது. ஆசிரியர் பயிற்றுநரின் உதவி அங்கே முதலில் செல்ல வேண்டும். மூன்றாவதாக, முடிவுகள் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட அக்குழுவுக்குப் பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்கெனவே அளித்திருக்கிறது.

மாவட்டங்களுக்கும் இதே நெறி பொருந்தும். மிகவும் பின்தங்கிய பள்ளிகளில் காலிப் பணியிடங்கள் எவ்வளவு விரைவாக நிரப்பப்பட்டன, அங்குள்ள குழந்தைகளில் எத்தனை பேர் கூடுதலாகப் படிக்கக் கற்றனர் என்று கேட்டு மாவட்டத்துக்குத் தரம் இடலாம். அந்தக் கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் தலைமையாசிரியர் அல்லர், கல்வித் துறையே.