ஒரு பல் போனாலும் ஜோடியை மாற்று!

வடசென்னைக்கு மோட்டார் புதிதல்ல. 1949-லேயே எண்ணூரில் ஆஸ்டின் கார்கள் பூட்டப்பட்டன. ஆனாலும் இன்றுவரை ஒரு வீண் செலவு ஓயவில்லை!

காரோ லாரியோ, பின் அச்சில் 'ஊ' என்று சத்தம். திருவொற்றியூர் பட்டறையில் கழற்றினால், பினியனில் இரண்டு பல்லைக் காணோம்!

"பினியனை மட்டும் மாற்றினால் பாதிச் செலவுதானே?" என்பார் வண்டிக்காரர்.

அது தவறு. கிரவுன் சக்கரமும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. புருஷன் பெண்டாட்டி மாதிரி! பிரித்துப் போட்டால் புதுப் பல்லும் சீக்கிரம் தேயும். கழற்றி மாட்டும் கூலி மறுபடியும் முழுசாக!

வண்டி பட்டறையில் கிடந்தால் துறைமுகச் சவாரி இல்லை. வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா? கடன்காரர் காத்திருப்பாரா?

இத்தனைக்கும் பல வண்டிகளில் மூலகாரணம் கசிகிற ஓர் ஆயில் சீல். கியர் ஆயில் வற்றினால் பல்லோடு பல் உரசிச் சூடேறும். வண்டிக்கடியில் எண்ணெய்ச் சொட்டு தெரிந்த அன்றே சீலை மாற்றினால், செலவு அதோடு சரி.