மீன் தொட்டிக்கு ஒரு பச்சைப் பாய்

யூடியூப்பில் அழகழகான மீன் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அடியில் கல்லே தெரியாது. புல்வெளி போல் பச்சைப் பசேல் என்று விரிந்திருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. கடுகளவு இலை கொண்ட 'கியூபா' செடியை வாங்கி வந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டேன். மூன்றாவது வாரம் மஞ்சளானது. அடுத்த வாரம் பாசி மூடிவிட்டது.

தவறு செடியின் மேல் இல்லை. கியூபாவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், கரியமில வாயு சிலிண்டர் வேண்டும், குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். நம் ஈப்போ வீடுகளில் தொட்டித் தண்ணீர் 28, 30 பாகைக்குச் சாதாரணமாகப் போய்விடும். காலையில் வேலைக்கு ஓடி இரவில் வீடு திரும்புகிறவர்களுக்கு ஏற்ற செடி அல்ல அது.

அப்பாவிடம் புலம்பினேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, தோட்டத்துல பால் மரக் கன்னு நட்டா தரைய சும்மாவா விட்டாங்க? கொடி போட்டு மூடுவாங்க. இல்லேன்னா லாலாங் வந்து உக்காந்துக்கும். அந்தக் கொடிக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

அவர் சொன்னது பியூரேரியா, சென்ட்ரோசீமா போன்ற பயறு இனக் கொடிகளை. மண் அரிப்பைத் தடுக்கும், களையை அடக்கும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். அழகுக்காக அவற்றைப் போடவில்லை. இந்த வெயிலிலும் மழையிலும் தானாகப் பிழைக்கும் என்பதால் போட்டார்கள். தொட்டிக்குச் செடி தேடும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

என் தேர்வில் முதல் இடம் கிரிப்டோகோரைனுக்கு. கடைக்காரர்கள் சுருக்கமாக 'கிரிப்ட்' என்பார்கள். நம் சேம்புக் குடும்பத்துச் செடி. இதன் சில வகைகள் மலேசியக் காட்டோடைகளிலேயே வளர்கின்றன. தரையை மூடுவதற்கு ஏற்ற இரண்டு வகைகள் இலங்கையின் ஓடைகளிலிருந்து உலகமெங்கும் போனவை. ஒன்று 'பார்வா'. கிரிப்டுகளிலேயே மிகச் சிறியது, விரல் நீளத்தைத் தாண்டுவது அரிது. மிக மெதுவாக வளரும், வெளிச்சம் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். ஆனால் வெட்டிவிடும் வேலையே இல்லை. மற்றொன்று 'வென்டி'. சாண் உயரம் வரை வரும். குறைந்த வெளிச்சத்திலும் வெப்பத்திலும் தாக்குப்பிடிக்கும். அதனால் பார்வாவை முன்னாலும் வென்டியைப் பின்னாலும் வையுங்கள்.

சீக்கிரம் பச்சை பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் குள்ள சாஜிட்டேரியா. புல் போன்ற இலை. தரையோடு கொடி ஓட்டிக் குட்டி போட்டுக்கொண்டே போகும். நடுவதற்கே நேரமில்லை என்றால் ஜாவா பாசியைத் தட்டையான கல்லில் நூலால் கட்டிப் போடுங்கள், போதும்.

நடும்போது கவனிக்க வேண்டியவை சில. கிரிப்ட் வேரால் சாப்பிடும் செடி. வேர் மணலுக்குள் இருக்கட்டும், குருத்து மேலே இருக்கட்டும். பக்கத்தில் ஓர் உர மாத்திரையைப் புதைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை புதிது வையுங்கள். விளக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் எரிந்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். தங்க மீன் இருக்கும் தொட்டியில் இந்த ஆசை வேண்டாம்; தோண்டிப் போட்டுவிடும். மலையடிவாரத்தில் பொறுக்கிய கல்லைப் போடுவதற்கு முன் அதன் மேல் வினிகர் சொட்டுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கும்.

பலர் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. நட்ட சில நாட்களில் கிரிப்டின் இலைகள் கண்ணாடி போலாகிக் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறோம். நாற்றுப் பண்ணைகளில் பெரும்பாலும் இலைகளைத் தண்ணீருக்கு வெளியே வைத்துத்தான் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் நிலைக்காது. கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள். சில வாரங்களில் தண்ணீருக்கேற்ற புது இலை வரும். அதற்குள் இடம் மாற்றி நட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். என் முதல் கிரிப்டை நான் குப்பையில் போட்டதும் இது தெரியாமல்தான்.

செடி பெருகிய பிறகு இன்னொரு பொறுப்பு வருகிறது. மிஞ்சியதை லோங்காங்கிலோ பழைய ஈயக் குட்டையிலோ வீசாதீர்கள். தென் அமெரிக்காவின் கபோம்பா செடி மீன் தொட்டிகளுக்காக விற்கப்படுவது. இன்று அது பகாங்கின் தாசிக் சினி ஏரியில் பரவி, அங்குள்ள நீர்ச்செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. நம் கிந்தா பள்ளத்தாக்கில் குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கும் அந்த நிலை வேண்டாம்.

மிஞ்சிய செடியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூச்செடிக்கு உரமாகப் போடுங்கள். கொடுக்கும்போது, இலை கரைந்தால் பிடுங்கிவிடாதே என்று மறக்காமல் சொல்லிக் கொடுங்கள்.