மஞ்சக் கடுதாசியில் விட்டுப்போன கடன்

அமெரிக்காவில் சாப்டர் 7 திவால், அதாவது நம்ம ஊர் பாஷையில் மஞ்சக் கடுதாசி, கொடுத்து முடித்தவர்களுக்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு போன் வரும். "உங்க பழைய ஆஸ்பத்திரி பில் பாக்கி இருக்கு. கோர்ட்டுக்குக் கொடுத்த லிஸ்ட்ல அது இல்லை. லிஸ்ட்ல இல்லாத கடன் தள்ளுபடி ஆகாது. எப்ப கட்டறீங்க?"

நம்ம ஆளுங்க பயந்துபோய்க் கட்டிடறாங்க. கூடவே 'லிஸ்ட்ல இல்லேன்னா கட்டித்தான் ஆகணும்பா'ன்னு தீர்ப்பு சொல்ல நாலு மேதாவிகள் வேற. ஐயா, பெரும்பாலான சாப்டர் 7 கேஸ்களில் இது சுத்த அபத்தம்!

லிஸ்ட் எதுக்கு? கடன் கொடுத்தவன் தகவல் தெரிந்து பங்கு கேட்பதற்கு. விற்றுப் பிரித்துக் கொடுக்க சொத்தே இல்லாத கேஸில் பங்கு கேட்கக் கடைசித் தேதியே வைப்பதில்லை. பந்தியில் சோறே போடாதப்ப, எனக்குப் பத்திரிகை வரலைன்னு சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? பீஸ்லி வழக்கில் (1993) ஒன்பதாவது சர்க்யூட் இதைத்தான் சொன்னது. விட்டுப்போன கடனைச் சேர்க்க அந்த ஆள் கேஸைத் திரும்பத் திறக்கக் கேட்டார். திறந்தாலும் ஒண்ணும் மாறாதுன்னு அனுப்பிட்டாங்க. 1996ல் ஜட் வழக்கில் மூன்றாவது சர்க்யூட்டும் அதே வழி. அதாவது கலிபோர்னியா, நியூஜெர்சின்னு நம்மவங்க கூட்டமா இருக்கற இடமெல்லாம் இதுக்குள்ள அடக்கம்.

நியாயமாச் சொல்லணும்னா, மாசசூசெட்ஸ் பக்கம் முதல் சர்க்யூட் 2009ல் இந்த வழிக்கு வரலை. அங்க இருக்கறவங்க வக்கீலைப் பாருங்க. பங்கு பிரித்த கேஸ், மோசடி செய்து வாங்கின கடன், ஜீவனாம்சம், கேஸ் போட்ட பிறகு வாங்கின கடன், இதெல்லாம் தனிக்கதை. வேணும்னே மறைச்சவங்களுக்கும் நான் வக்காலத்து வாங்கலை.

என் கோபம் வசூல்காரங்க மேல. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2013ல் வெளியிட்ட ஆய்வுப்படி, பழைய கடனை வாங்கி விக்கற கம்பெனிகள் ஒரு டாலர் கடனுக்குக் கொடுத்த விலை சராசரியா 4 சென்ட். நாலே சென்ட்! அதை வச்சுக்கிட்டு முழு டாலரையும் கேட்டு மிரட்டறதுக்குப் பேரு வியாபாரமாம்.

போன்ல வாதாடாதீங்க. கடனை ஒத்துக்கவும் வேணாம். 'நல்லெண்ணத்துக்கு 25 டாலர் கட்டுங்க'ன்னு தேனொழுகப் பேசுவாங்க. ஒத்தைப் பைசா கொடுக்காதீங்க. தள்ளுபடி ஆன கடன் நீங்க ஏதோ கட்டிட்டீங்கன்னு உயிரோட வராது, ஆனா போன பணமும் திரும்ப வராது. தள்ளுபடி ஆணையின் நகல், கேஸ் நம்பர், 'இனிமே தொடர்பு கொள்ளாதீங்க'ன்னு ஒரு வரி. இதைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. 1977ம் வருஷ வசூல் சட்டப்படி, அந்தக் கடிதம் கைக்குக் கிடைச்சப்புறம் வசூல் ஏஜென்சி உங்களைத் துரத்தக்கூடாது. மீறினா 1,000 டாலர் வரைக்கும் அபராதமாவே கேக்கலாம், நஷ்ட ஈடு தனி. ஆணையை மீறினதுக்காக திவால் கோர்ட்டில் அவமதிப்பு மனுவும் போடலாம்.

சம்மன் வந்தா மட்டும் குப்பையில் போட்டுடாதீங்க. தள்ளுபடி ஆன கடன்தானேன்னு வீட்டில் உக்காந்திருந்தா, அவன் ஒருதலைப்பட்சமா தீர்ப்பு வாங்கி பேங்க் அக்கவுண்ட்டில் கை வைப்பான். அது செல்லாதுன்னு பிறகு நிரூபிக்க வக்கீல் பீஸ் உங்க தலையில்தான். குறிச்ச தேதிக்குள்ள பதில் போட்டு, தள்ளுபடி ஆணையை அதோட இணைச்சுக் கொடுங்க.