மந்தி மார்க்கமன்று



சென்ற ரமளானில் என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அதில் குற்றவாளி நான்தான்.

பன்னிரண்டு பேரை இஃப்தாருக்கு அழைத்திருந்தேன். யமன் நாட்டு மந்தி சமைக்கும் காணொளி ஒன்றை மனைவியின் கைப்பேசிக்கு அனுப்பி, இதைச் செய்துவிடு என்றேன். அவர் அதுவரை மந்தியை உண்டதுமில்லை, சமைத்ததுமில்லை. லுஹர் தொழுகை முடிந்தது முதல் அடுப்படியில் நின்றார். இறைச்சியை வேகவைத்து, அந்த நீரில் பாசுமதி அரிசியை இட்டு, நடுவே சிறு கிண்ணத்தில் கரித்துண்டைக் கனலவைத்து, நெய் ஊற்றிப் புகை மூட்டினார். சோறு குழைந்துவிட்டது. புகை தூக்கலாகிக் கசந்தது. விருந்தினர் ஒருவர், துபாயில் தாம் உண்ட மந்தி இப்படியில்லையே என்றார். நானோ எல்லோர் முன்னிலையிலும், “இதுதான் மந்தியா?” என்று கேட்டுவிட்டேன். மனைவி மறுமொழி கூறவில்லை. பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த நோன்புக் கஞ்சியை அடுப்படியில் தனியே அமர்ந்து குடித்தார். பாதிச் சஹன் சோறு குப்பைக்குப் போயிற்று.

இப்படியொரு மாலை உங்கள் வீட்டிலும் நிகழ்ந்திருக்கலாம். ஆகவே சிலவற்றை வெளிப்படையாகப் பேசுவோம்.

முதலாவது, அரபு நாட்டு உணவு என்பதாலேயே அதை இஸ்லாமிய உணவு என்றும், சுன்னத்தான உணவு என்றும் பேசும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்ந்த மதீனாவின் அன்றாட உணவு பேரீச்சம்பழமும் வாற்கோதுமை ரொட்டியும்தான். மந்தியோ யமனின் ஹளரமவ்த் பகுதிக்குரியது. மண்ணில் தோண்டிய தன்னூர் அடுப்பின் அடியில் தணலிட்டு, அதன்மேல் அரிசிப் பாத்திரத்தை வைத்து, இறைச்சியின் கொழுப்பு சோற்றில் சொட்டும்படி மேலே தொங்கவிட்டு, வாயை மூடிச் சமைப்பார்கள். அதனோடு பரிமாறும் ஸஹாவிக் துவையலில் தக்காளியும் மிளகாயும் சேரும். அவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1492க்குப் பின்னரே பிற நாடுகளுக்குச் சென்றவை. நபியவர்கள் மறைந்ததோ 632இல். அவர்கள் கண்டிராத காய்கள் கலந்த தட்டைச் சுன்னத் என்பது எவ்வகையில் நியாயம்? அந்த மந்தியில் மணக்கும் ஏலமும் மிளகும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் விளைபொருள்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சியைத் தாழ்வாகக் கருத இங்கே என்ன இருக்கிறது?

இரண்டாவது, எதிர்த்தரப்பினர். அயல்நாட்டு உணவை வீட்டில் சமைப்பதே அந்நியரைப் பின்பற்றும் மோகம் என்கிறார்கள் இவர்கள். இதுவும் தவறு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது நபியவர்கள் கையை விலக்கிக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவ, இல்லை, என் சமூகத்தார் வாழும் பகுதியில் இது இல்லாததால் என் மனம் விரும்பவில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் அதை உண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. பழக்கமற்ற உணவை உண்ண விரும்பாதவருக்கும் இடமுண்டு. விரும்பி உண்பவருக்கும் இடமுண்டு. ஹலாலான ஒன்றை விலக்க நமக்கு அதிகாரமில்லை. நம் குழம்பின் மிளகாயே கடல் கடந்து வந்ததுதானே!

அவ்வாறாயின் குற்றம் எங்கே இருக்கிறது? நம் நடத்தையில் இருக்கிறது.

நபியவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையெனில் விட்டுவிடுவார்கள். மந்தியைச் சுன்னத் என்று முழங்கும் நாவே, சமைத்தவர் முகம் வாடும்படி உப்பையும் புகையையும் குறை சொல்கிறது. உண்மையான சுன்னத்தைக் கைவிட்டு, இல்லாத சுன்னத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றார்கள் அன்னை ஆயிஷா (ரலி). நாமோ காணொளியை அனுப்பிவிட்டு அஸர்வரை உறங்குகிறோம். உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்பது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தரும் கட்டளை. அதை ஓதும் மாதத்திலேயே நம் குப்பைத்தொட்டிகள் நிறைகின்றன.

புதிய உணவைச் சமைக்க விரும்புவோர் தாராளமாகச் சமையுங்கள். ஆனால் முதல் முயற்சியை விருந்தினர் தலையில் கட்டாதீர்கள். நான்கு பேருக்கு மட்டும் செய்து பாருங்கள். நம் வீட்டுப் பாத்திரம் ஒருநாளும் மண்ணடுப்பு ஆகாது. கரித்துண்டுப் புகை அதற்கொரு மாற்றுதான் என்பதை அறிந்து, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்களே, விரும்பிக் கேட்டவர் நீங்களானால் அரிசியை ஊறவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் உங்கள் பொறுப்பு. குழைந்தாலும் உண்ணுங்கள். குழம்பு வைத்தால் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கச் சொல்லி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உபதேசித்தார்களே, அதன்படி ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கும் போகட்டும்.

ரமளான் முடிந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை நானே மந்தி சமைத்தேன். அடி பிடித்துவிட்டது. என் மனைவி ஒரு சொல்லும் குறை கூறாமல் உண்டார். அன்று எனக்கு அடுத்த கவளம் இறங்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அல்லாஹ் நம் நாவுகளையும் நம் தட்டுகளையும் சீராக்குவானாக. ஆமீன்.