கோபுர தரிசனம்

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் சங்கீதம் பயின்று, நள்ளிரவு கடந்தும் கச்சேரி செய்து ரஸிகர்களைக் கட்டிப்போட்டவர் மதுரை சோமு. 1976-இல் பத்மஸ்ரீ பெற்றார், 1989-இல் மறைந்தார். ஆயினும், நம் சுற்றுப்புறக் கிராமத்தாரைக் கேட்டால், 'மருதமலை மாமணியே பாடியவரா?' என்றுதான் கேட்பார்கள். 1972-இல் வெளிவந்த 'தெய்வம்' படத்தில், குன்னக்குடி வைத்தியநாதன் இசையில், திரையிலும் தாமே தோன்றி அவர் பாடிய பாட்டு அது.

இதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. சபா வாசலை மிதித்தறியாத உழவனுக்கும் தர்பாரி கானடாவின் ருசியைக் காட்டிய பாட்டல்லவா! கோபுர தரிசனம் கோடி புண்ணியந்தான். ஆனால், சந்நிதிக்குப் போகாமலே திரும்பிவிடலாமா? அவருடைய கச்சேரி ஒலிப்பதிவுகள் இன்றும் இருக்கின்றன. ஓர் இரவு அமர்ந்து கேளுங்கள். அந்த ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை பெரிய வித்வான் இருந்தார் என்பது விளங்கும்.